அடியில் காத்திருக்கும் பல்

என் அப்பா யானைகளுக்குச் சமைத்தவர். தெப்பக்காடு முகாமில் யானைகள் வரிசையாக நின்று தீனி வாங்கும் கொட்டகைக்குப் பின்னால், சுவரெல்லாம் கரி படிந்த ஒரு சமையற்கூடம் இருந்தது. ஆள் இறங்கிக் குளிக்கலாம் என்கிற அளவுள்ள அண்டாக்களில் கேழ்வரகும் கொள்ளும் அரிசியும் வேகும். வெந்ததைக் கொட்டி ஆறவைத்து, வெல்லமும் உப்பும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்து கவளம் கவளமாக அடுக்குவது அப்பாவின் வேலை. வீட்டில் அவர் வைக்கும் ரசத்தை மட்டும் வாயில் வைக்க முடியாது. இத்தனை வருசத்தில் ஒரு யானைகூடத் தன் சமையலைக் குறை சொன்னதில்லை என்பார். அதுகளுக்கு நீங்க ரசம் வெச்சதில்லையே என்பாள் அம்மா.

அம்மா மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் படுக்கை விரிப்புகள் துவைக்கும் வேலைக்குப் போனாள். காலையில் ஜீப் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகச் சமையற்கூடத்துக்குப் போய்விடுவேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து என் வாயில் போடுவார். யானைக்கு வந்த வெல்லத்தில் கை வைப்பது பாவம் என்பது அவருடைய எண்ணம். எனக்கென்று கடையில் தனியாக வாங்கி, தாளில் மடித்து வைத்திருப்பார்.

"அம்மாகிட்டச் சொல்லீராத கண்ணு" என்பார்.

நான் சொன்னதே இல்லை. எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருந்த ஒரே ரகசியம் அது.

முகாமிலேயே மூத்த பெண் யானையை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அம்மாவுக்கு அக்கா கிடையாது. எனவே அந்த இடம் எங்கள் குடும்பத்தில் காலியாகத்தான் இருந்தது. பெரியம்மாவுக்குக் காதோரமெல்லாம் வெளுத்து, பொடிப்பொடியாக ரோஜா நிறப் புள்ளிகள். நெற்றி இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். சுற்றுலா வந்தவர்கள் கொம்பன் யானைகளைத்தான் படம் எடுப்பார்கள். பெரியம்மா கோபித்துக்கொள்ளாமல், அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி தின்றுகொண்டிருப்பாள்.

நான் நான்காம் வகுப்பில் இருந்த வருடம் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. சில மாதங்களில் அது பள்ளமானது. பிறகு நாக்கு நுனி உள்ளே போய் உட்காரும் அளவுக்குக் குழியானது. ஆரம்பத்தில் அதை ஒரு வசதியாகவே நினைத்தேன். வெல்லத்தில் ஒரு துணுக்கு அந்தக் குழிக்குள் தங்கிவிடும். மறுநாள் வகுப்பில் கணக்குப் பாடம் நடக்கும்போதும் எனக்கு மட்டும் வாயில் இனிப்பு ஊறுவதாகத் தோன்றும்.

மழை விட்டுப் பனி இறங்கியபோது அந்த வசதி போய்விட்டது. குழாய்த் தண்ணீரைக் கொப்பளித்தால் காதுவரை ஊசி ஏறியது. பிறகு இனிப்புக்கும் வலித்தது. அதற்கப்புறம் சூடான டீக்கும். கடைசியில் எதற்குமே இல்லாமல் சும்மாவே வலித்தது. படுத்துத் தலையைச் சாய்த்தால் போதும், இதயம் இடம் மாறிக் கடைவாய்க்கு வந்துவிட்டதுபோல் பல் துடிக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வெல்லத்தின் கதை வெளியே வரும், அம்மா அப்பாவைச் சும்மா விடமாட்டாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பெரியம்மாவின் பாகன். அவரை நான் மாமா என்பேன். முகாமுக்கு வரும் யானை டாக்டர்தான் எங்கள் எல்லோருக்குமே பல் பிடுங்குவார், சங்கிலியைக் கட்டி இன்னொரு யானையை விட்டு இழுக்கச் சொல்வார் என்று மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. அதனால் நம்பினேன். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து கிராம்பை எடுத்துக் குழியில் அழுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், உங்க வீட்டில் தினமும் பிரியாணியா என்று கேட்டாள்.

அதே நாட்களில்தான் பெரியம்மாவின் வாயிலிருந்து தீனி கீழே விழ ஆரம்பித்தது.

முதலில் கவனித்தவர் அப்பாதான். கவளத்தை வாங்கிக்கொண்டு வெகுநேரம் வாயை அசைப்பாள். பிறகு பாதி, மென்றும் மெல்லாமலும், உதட்டோரமாக நழுவி விழும். அப்பா ஓடிப்போய் அதை எடுத்துப் பார்ப்பார். அவளுடைய லத்தியைக் குச்சியால் பிரித்துப் பார்த்து, நீளநீளமாக மூங்கில் நார் அப்படியே வந்திருக்கிறது என்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினார். யானை டாக்டர் வந்தார். தும்பிக்கையைத் தூக்கச் சொல்லி, டார்ச் அடித்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மூன்று பேரும் தள்ளி நின்று தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். சங்கிலி எதையும் எடுக்காமல் டாக்டர் திரும்பிப் போனதே எனக்குப் பெரிய ஆறுதல்.

அன்றிலிருந்து பெரியம்மாவுக்குத் தனிச் சமையல். எல்லாவற்றையும் குழைய வேகவைத்து அப்பா கூழாக மசிப்பார். புல்லைக் கீரை நறுக்குவதுபோல் உட்கார்ந்து நறுக்குவார். வேலை நேரம் முடிந்த பிறகும் வீட்டுக்கு வராமல் அவள் தின்று முடிக்கும்வரை நிற்பார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரியம்மா வாயிலிருந்து ஒரு கவளம் விழுந்தால் ஓடுகிற அப்பா, நான் ஒரு பக்கமாகவே சோற்றை ஒதுக்கி ஒதுக்கி மெல்லுவதைப் பார்க்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, வேண்டுமென்றே நானும் வாயிலிருந்து சோற்றை நழுவவிட்டுப் பார்த்தேன்.

"சிந்தாமத் தின்னு" என்றாள் அம்மா. அப்பா தட்டைப் பார்த்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு மத்தியானம் வலி நின்றுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. விளக்கை அணைத்ததுபோல் நின்றது. பச்சைத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெல்லம் தின்றேன், ஒன்றும் இல்லை. முகாமில் இருக்கும் பிள்ளையாரிடம் நான் விடாமல் வேண்டிக்கொண்டதன் பலன் என்று முடிவு செய்து, அன்றைய வெல்லத்தில் பாதியை அவர் முன்னால் வைத்தேன். மறுநாள் எறும்புகள் அதைத் தூக்கிப் போயிருந்தன. ஆனாலும் நான் நன்றி மறக்காதவள் என்று எனக்கே பெருமையாக இருந்தது. பெரியம்மாவின் காதுக்குக் கீழே நின்று, உனக்கும் சரியாயிரும், பிள்ளையார்கிட்டச் சொல்லிட்டேன் என்றேன்.

சில நாள் கழித்துப் பல்லின் அடியில், ஈறில், ஒரு கொப்புளம் வந்தது. வாயில் கெட்ட வாடை. காலையில் எழுந்தபோது ஒரு கன்னம் கனத்தது. அம்மா ஜீப்புக்கு ஓடிக்கொண்டிருந்ததால் நான் துண்டைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டதைக் குளிருக்கு என்று நினைத்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டுச் சமையற்கூடத்துக்குப் போவதற்குள் உடம்பு கொதித்தது. அப்பா வழக்கம்போல் வெல்லத்தை எடுத்து நீட்டினார். கை பாதியில் நின்றது. துண்டை விலக்கி, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"வாயத் தொற கண்ணு."

திறக்க முடிந்தவரை திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். வாடை பட்டிருக்க வேண்டும், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

"எத்தன நாளா வலிக்குது?"

"வலியெல்லாம் நின்னு போச்சுப்பா" என்றேன் சந்தோஷமாக.

அப்பா அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த வெல்லத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புக்குள் போட்டார்.

அம்மா வந்ததும் வெல்லத்தைப் பற்றி அவரே சொல்லிவிட்டார். நான் அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த ரகசியம் ஒரு நொடியில் போயிற்று. அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, ஆனை வாயப் பாக்கத் தெரியுது. பெத்த புள்ள வாயப் பாக்கத் தெரியலீங்களா?"

பிறகு அம்மாவே, "நானுந்தான் பாக்கல" என்று சொல்லிவிட்டு அழுதாள். வீங்கிய கன்னத்தோடு நான் இரண்டு பேரையும் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா என்னைக் கூடலூருக்குக் கூட்டிப்போனார். பல் டாக்டர் ஒரு இளம்பெண். பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. "மோளே, பயப்படண்டா" என்று சொல்லி, சின்னக் கண்ணாடி ஒன்றை வாய்க்குள் விட்டார். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் என் வாயில் இருக்கின்றனவாம். நான் தின்னும் வெல்லத்தை அவையும் தின்று ஒரு புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்புப் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த வழியே கிருமிகள் உள்ளே இறங்கி, பல்லுக்கு நடுவில் இருக்கும் நரம்பைத் தொட்டபோதுதான் எனக்கு அப்படி வலித்தது. நரம்பு செத்ததும் வலி நின்றது. கிருமிகள் நிற்கவில்லை. வேருக்குக் கீழே இறங்கிச் சீழ் பிடிக்க வைத்துவிட்டன.

"இன்னும் விட்டிருந்தா கழுத்துக்கு இறங்கியிருக்கும். வலி நின்னா அப்போதான் ஓடி வரணும், கேட்டோ?" என்றார்.

பிள்ளையார் என்னைக் கைவிட்டுவிட்டாரா, அல்லது பாதி வெல்லம் அவருக்குப் போதவில்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மருந்தில் வீக்கம் வற்றியதும் மறுபடியும் போனோம். ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். சங்கிலி இல்லை, யானை இல்லை. நான் பயந்ததில் ஒரு பங்குகூட வலிக்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த என் கன்னத்தைத் தட்டி, இது பால் பல்தான், அடியில் வேறொரு பல் காத்துக்கொண்டிருக்கிறது, தானாக மேலே வரும் என்று டாக்டர் சொன்னார். அம்மா சொல்லி அனுப்பியிருந்ததையெல்லாம் அப்பா ஒழுங்காகக் கேட்டார். எதைத் தின்னலாம், எப்போது துலக்க வேண்டும் என்று எல்லாம் கேட்டு முடித்து, வாசல்வரை வந்தவர், திரும்பிப் போனார்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஆனைக்கும் இப்படி அடியில பல்லு இருக்குமுங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அது எனக்குத் தெரியாதே. ஆனை டாக்டர்கிட்டத்தான் கேட்கணும்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. காத்திருந்த கூட்டம் முழுவதும் அப்பாவையே பார்த்தது. யானை டாக்டர்தான் முகாமுக்கே வருகிறாரே, அவரை விட்டுவிட்டு, மனிதர்களுக்குப் பல் பார்க்கிறவரிடம் போய் இதையா கேட்பது என்று நினைத்தேன். வாயில் பஞ்சு இருந்ததால் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மாலை பெரியம்மாவிடம் போய் என் வாயில் இருந்த ஓட்டையைக் காட்டினேன். கவலப்படாத பெரியம்மா, அடியில வேற பல்லு காத்துட்டு இருக்கும், உனக்கும் வரும் என்றேன். பக்கத்தில் கூழ் பிசைந்துகொண்டிருந்த அப்பாவிடம், "வருமில்லப்பா?" என்று கேட்டேன். மாமா எதையோ எடுக்கப் போவதுபோல் கொட்டகைக்குள் போனார்.

"வரும் கண்ணு" என்றார் அப்பா.

அடுத்த கோடையில் பெரியம்மாவின் இடம் காலியானது. காட்டுக்குள் நல்ல புல் இருக்கிற இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். புதுப்பல் வந்தால் புல் தின்னத்தானே வேண்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். யானைக்குக் கடைவாய்ப் பல் ஆறு தடவைதான் முளைக்கும், ஆறாவதும் தேய்ந்துவிட்டால் அதன் பிறகு காத்திருக்கும் பல் எதுவும் இருக்காது, மெல்ல முடியாமலே யானை செத்துப்போகும் என்பதைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். அதை யானை டாக்டர் கொட்டகையோரமாக நின்று அப்பாவிடம் அன்றைக்கே சொல்லியிருப்பார். தெரிந்த பதிலையே வேறொரு டாக்டர் மாற்றிச் சொல்லமாட்டாரா என்றுதான் அப்பா வாசலிலிருந்து திரும்பிப் போயிருக்கிறார்.

பெரியம்மா போன சில வாரங்களில் என் ஈறு கீறிக்கொண்டு வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சமையற்கூடத்துக்கு ஓடினேன். அப்பா டார்ச்சை எடுத்து வந்து, என் தாடையைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"வந்துருச்சு" என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு ஆற்றுப் பக்கமாக நடந்து போனார்.

புதுப்பல் வந்ததற்கு அப்பாவுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமில்லையே என்று, அன்று முழுவதும் நான் அவரிடம் பேசாமல் இருந்தேன்.