கேமரா ஏற்றிய பச்சை

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை 6.10. சேலம் அஸ்தம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோதே கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டேன். பைக்குள் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பதினெட்டாயிரம் ரூபாய். கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர் புதுசு வாங்கியதும் என்னிடம் தள்ளிவிட்ட பழசு. கைக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

நான் படமெடுக்கத் தெரியாதவள் அல்ல. இருபத்திரண்டு வருடமாக ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறேன். சேலத்தில் எத்தனையோ பேருடைய முழங்கால் எனக்கு அத்துப்படி, முகம் நினைவிருக்காது. ஆனால் எக்ஸ்ரேயில் நிறம் கிடையாது. அதனாலோ என்னவோ, கேமராவின் மெனுவில் 'பிக்சர் ஸ்டைல்' என்ற பக்கத்தைப் பார்த்ததும் மயங்கிப்போனேன். ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், லேண்ட்ஸ்கேப், நியூட்ரல், மோனோகுரோம். ஒரே காட்சியை ஐந்து விதமாகச் சமைத்துத் தருகிறது. மோனோகுரோமைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டேன். சம்பளம் இல்லாமல் கருப்பு வெள்ளை பார்க்கவா கேமரா வாங்கினேன்? நியூட்ரலில் என் மாடித் தோட்டம் பத்தியச் சாப்பாடு மாதிரி தெரிந்தது. லேண்ட்ஸ்கேப்பில் பச்சையும் நீலமும் பொங்கிக்கொண்டு வந்தன. அதையே வைத்தேன், பிறகு மாற்றவில்லை.

அடுத்த பக்கம் 'இமேஜ் குவாலிட்டி'. பெரியது, நடுத்தரம், சிறியது. அதற்குள்ளும் நயம், சாதாரணம். கேமராவோடு வந்த மெமரி கார்டு சின்னது. பெரியதில் சில நூறு படம்தான் கொள்ளும், சிறியதில் ஆயிரக்கணக்கில் கொள்ளும் என்று திரை சொன்னது. ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது நூறோடு நிறுத்திக்கொள்ள நான் என்ன அசடா? சிறியது, சாதாரணம் என்று வைத்தேன்.

போகிற காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். என்னோடு எக்ஸ்ரே படிப்பு படித்தவள் சரசு. படித்து முடித்த கையோடு கல்யாணமாகி, பரமத்தி வேலூரில் வெற்றிலை விவசாயம் செய்யும் குடும்பத்துக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை போன் செய்தாள். "ஏம்புள்ள, பெரிய கேமரா வாங்கிட்டியாமா? ஒருக்கா வந்துட்டுப் போ. கொடிக்கால்ல ஒரு மூலையில கொடி வாடுது. எங்க போன்ல எடுத்தா ஒண்ணும் தெளிவாத் தெரிய மாட்டீங்குது." கொடிக்கால் என்பது வெற்றிலைத் தோட்டம். சரசுவின் நாத்தனார் மகள் தேவி கோயம்புத்தூரில் பயிர் நோய் படித்தவள். நேரில் வர அடுத்த வாரம் ஆகும், அதுவரை நல்ல படமாக எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறாள். போன வருடம் பக்கத்துக் கொடிக்கால் இப்படித்தான் மூலையில் வாட ஆரம்பித்து, பதினைந்தே நாளில் மொத்தமும் காய்ந்து போனதாம். இவர்களுடையது நட்டு ஒரு வருடம்கூட ஆகாத கொடி. இன்னும் இரண்டு வருடம் இலை கிள்ள வேண்டியது.

6.50. புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் பஸ். சுமார் ஐம்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். ஜன்னல் ஓரம் கிடைத்தது. மல்லூரைத் தாண்டியதும் இருபுறமும் மொட்டைக் கரடுகள், சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள். மழை ஓய்ந்து மாதங்களாகிவிட்டதால் புல்லெல்லாம் காய்ந்து, பாறைக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத பழுப்பு. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே முப்பது நாற்பது படம் எடுத்துத் தள்ளினேன்.

பக்கத்து இருக்கைக்காரர் வெகுநேரமாக என் கேமராத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்செங்கோட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் பதினாறு வருடம் ஊர் ஊராகச் சுற்றியவர். கடைசியில் கேட்டே விட்டார்.

"ஏனுங்க, இது எந்த ஊருங்க? கேரளாங்களா?"

"இப்பத் தாண்டி வந்தமே, அந்தக் கரடுதாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் வெளியே பார்த்தார். "அட சாமி! இத்தன பச்சையா இருந்தா நானெதுக்குங்க ஊரூராப் போயி போர் போடறேன்? வண்டிய வித்துப்போட்டு ஊட்டுல படுத்துத் தூங்கியிருப்பனுங்க."

முன் இருக்கையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனிதருக்கு ரசனை போதாது என்று மட்டும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன்.

8.20. நாமக்கல் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி ஒரு டீ, பதினைந்து ரூபாய். முட்டை ஏற்றிய வண்டி ஒன்று வெளியே நின்றது, அதையும் எடுத்தேன். முட்டைத் தட்டுகளுக்குப் பின்னால் வானம் பெயிண்ட் கடை விளம்பரம் போல நீலமாக விழுந்திருந்தது. அங்கிருந்து பரமத்தி வேலூருக்கு இருபது கிலோமீட்டர், இருபது ரூபாய். பரமத்தி தாண்டிய பிறகு ஊரின் நிறமே மாறிவிடுகிறது. காவிரிப் பக்கம் நெருங்க நெருங்க வாழை, கரும்பு, நடுநடுவே உயர்ந்த அகத்தி மரங்களோடு கொடிக்கால்கள். இங்கே கேமரா எதையும் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கூட்டியது.

9.40. பஸ் நிலையத்துக்குச் சரசுவின் கணவர் சுப்பிரமணி அண்ணன் மொபெட்டில் வந்திருந்தார். "வாங்க அம்மிணி, டிபன் ஆச்சுங்களா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் இட்லிக் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பினார். முகம் சிரித்தது, ஆனால் மனிதர் இளைத்திருந்தார். நான்கு நாளாகத் தூக்கமே இல்லை என்று சரசு பிறகு சொன்னாள்.

11.00. கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. வேலியோரம் கழற்றிவிட்டுக் குனிந்து நுழைந்தேன். உள்ளே வேறு பருவம். அகத்தி வரிசைகள், ஒவ்வொன்றையும் பற்றிக்கொண்டு கோரைப் புல்லால் கட்டப்பட்ட கொடி தலைக்கு மேல் ஏறிப் போகிறது. காலடியில் ஈர மண் குளிர்ந்தது. எக்ஸ்ரே அறையின் ஏசியில் காலம் தள்ளும் எனக்கே அந்தக் குளிர்ச்சி பொறாமையாக இருந்தது. கிழக்கு மூலையில் பத்துப் பன்னிரண்டு கொடிகள் மட்டும் இலையைத் தொங்கப் போட்டிருந்தன. நான் சுற்றிச் சுற்றி எடுத்தேன். திரையில் ஒவ்வொரு இலையும் எண்ணெய் தடவியது போல மின்னியது. அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"நம்ம கொடிக்கால் இவ்வளவு அழகுங்களா?" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

12.30. படங்களைச் சரசுவின் கைப்பேசிக்கு மாற்றித் தேவிக்கு அனுப்பினோம். சாப்பாடு: தட்டைப்பயறுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கட்டித் தயிர்.

2.05. தேவி அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டார்கள். "மாமா, படம் பாத்தனுங்க. எலை நல்ல பச்சையா, பளபளன்னுதான் இருக்குது. நோவு மாதிரித் தெரியலீங்க. வெயில் ஏற ஆரம்பிச்சிருச்சுல்ல, சூட்டுக்குத் தொங்குதாட்ட இருக்குது. பொழுதோட நல்லாத் தண்ணி உடுங்க, நிமிந்துக்கும்."

சுப்பிரமணி அண்ணன் நான்கு நாளில் முதல்முறையாகக் கால் நீட்டி உட்கார்ந்தார். "நாலு மணிக்குத் திரீ பேஸ் கரண்ட்டு வரும். வந்ததும் மோட்டாரப் போட்டுடறேன்" என்றார். எல்லோருக்கும் மோர் வந்தது. என் கேமராவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்திருப்பார்கள்.

சரசு மட்டும் மோரைத் தொடவில்லை. எழுந்து வெளியே போனவள், அந்த மூலையிலிருந்து ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வந்தாள். என் கழுத்திலிருந்த கேமராவைப் பிடித்து, திரையில் அதே கொடியின் படத்தை வரவழைத்து, பக்கத்தில் இலையை வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணா புள்ள?"

இல்லை. கையிலிருந்த இலையில் மினுமினுப்பு செத்துப் போயிருந்தது. நரம்புக்கு நரம்பு நடுவே வெளிறி, மஞ்சள் இறங்க ஆரம்பித்திருந்தது. திரையில் இருந்ததோ கல்யாணத் தாம்பூலத்துக்கு வைக்கும் இலை. பெரிதாக்கிப் பார்த்தேன். சிறியது, சாதாரணம் அல்லவா? நரம்பு தெரிய வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகப் பச்சைக் கூழ் தெரிந்தது. பஸ்ஸில் அந்த மனிதர் சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. எலும்பில் மயிரிழை விரிசலைக்கூட மறைக்காத படம் எடுக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்களிடம் நாள் முழுக்கச் சத்தம் போடுகிறவள் நான். இங்கே நோயாளிக்குப் பவுடர் பூசி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

"அண்ணா, தண்ணி உடாதீங்க. கொஞ்சம் பொறுங்க. அனுப்பின படம் பொய்ங்கண்ணா, நான் வெச்ச செட்டிங்ஸு தப்பு" என்றேன். அவர் என்னையும் சரசுவையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

3.00. மறுபடியும் கொடிக்கால். இந்த முறை மெனுவை ஒழுங்காகப் படித்தேன். பிக்சர் ஸ்டைல்: நியூட்ரல். இமேஜ் குவாலிட்டி: பெரியது, நயம். ஒன்பது நாளாக எடுத்துத் தள்ளியதில் கார்டில் இடம் போதவில்லை. கேரளாவாக மாறியிருந்த கரடுகளை எல்லாம் அழித்தேன். அகத்தி நிழலில் வெளிச்சமே பச்சையாக இறங்குகிறது, அந்தப் பச்சையும் இலையில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை வாங்கி விரித்து, அதை ஒரு படம் எடுத்து, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குப் பதிவு செய்தேன்.

வாடிய இலையைத் துண்டின் மேல் வைத்துக் குனிந்தபோது சரசு தடுத்தாள். "இரு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கை ஒடைஞ்சா என்ன பண்ணுவம்? மறந்துட்டியா?"

எனக்கு உடனே பிடிபட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு எலும்பு இன்னும் வளர்கிற நிலையில் இருக்கும். எது விரிசல், எது இயல்பு என்று சந்தேகம் வந்தால், அடிபடாத கையையும் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு. படிப்பை மூட்டை கட்டி வைத்து இருபது வருடம் ஆனவள் அதை நினைவில் வைத்திருந்தாள். மேற்கு வரிசையிலிருந்து ஒரு நல்ல இலையைப் பறித்து வந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஒரே படத்தில் எடுத்தேன். பிறகு கொடியின் அடித்தண்டு, மண்ணோடு சேரும் இடம், முட்டி போட்டு மூன்று படம். திரையில் பார்க்க ஒரு அழகும் இல்லை. சப்பென்று, வெளிறி, உள்ளது உள்ளபடி இருந்தன.

3.40. "வாட்ஸப்புல போட்டோவா அனுப்பாத, சுருக்கிப்புடும். டாக்குமெண்டா அனுப்பு" என்றேன். சிக்னல் ஊர்ந்தது. அண்ணன் மோட்டார் அறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்று தண்ணீர் விடவில்லை என்றால், சூட்டுக்கு வாடும் கொடி இன்னும் வாடும். விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது.

3.56. தேவியின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "மாமா! மோட்டாரப் போட்டுட்டீங்களா?"

"இல்ல சாமி."

"போட்றாதீங்க! இது வாடல் நோவுங்க மாமா. அடித்தண்டு கறுத்திருக்குது பாருங்க. தண்ணி பாஞ்சா அதோட சேந்தே எல்லா வரிசைக்கும் போயிரும். அந்தக் கொடிகளை வேரோட எடுத்து, வெளிய கொண்டுபோயி எரிச்சுருங்க. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அந்த எடத்துலயும் சுத்தியும் ஊத்தோணும், அளவு எழுதி அனுப்பறேன். நாளைக்கே நான் கெளம்பி வாரேன்."

நாலு மணிக்குக் கரண்ட்டு வந்தது. மோட்டார் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை.

முதல் கொடியை அண்ணனே பிடுங்கினார். வேர் கறுத்து, அழுகிய நாற்றத்தோடு கையோடு வந்தது. மொத்தம் பதினான்கு கொடி. பிடுங்கும்போது ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கியது. பதினைந்தாவதன் அடியைத் தோண்டிப் பார்த்தபோது வேர் நன்றாக இருந்தது, அப்படியே மண்ணை அணைத்து விட்டுவிட்டார். சரசு என் முதுகில் ஒன்று வைத்தாள். அது பாராட்டா கோபமா என்று நான் கேட்கவில்லை.

6.15. வேலூர் பஸ் நிலையம். மடியில் ஒரு கவுளி வெற்றிலை, அதாவது நூறு இலை, ஈரத் துணியில் சுற்றியது. மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். அண்ணன் அதற்குள் வேறு பேச்செடுத்தார்.

"அம்மிணி, காலைல ஒரு படம் எடுத்தீங்கள்ல, பளபளன்னு? அதைப் பெருசாப் போட்டுக் குடுங்க. ஊட்டுச் செவுத்துல மாட்டோணும்."

"அது பொய்ப் படம்ங்கண்ணா!"

"இருந்துட்டுப் போவுதுங்க. டாக்டருக்குத்தான உண்மை வேணும்? செவுத்துக்கு என்னங்க?"

சிரிப்பு வந்தது. கூடவே சங்கடமும் வந்தது. அதைப் பெரிதாகப் போட முடியாது. நான் வைத்திருந்த அளவுக்குத் தபால் கார்டு அளவைத் தாண்டினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதைச் சொன்னேன். ஆயிரக்கணக்கில் எடுக்க ஆசைப்பட்டுக் குறைத்து வைத்ததையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

கரூரிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வந்த சேலம் பஸ் நின்றது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே நின்றவரிடம் சொன்னேன்: "கொடி தேறட்டுங்கண்ணா. ஆடியில வாரேன். பெரிய அளவுல வெச்சு, அதே பச்சையில எடுத்துத் தாரேன்."

"வாங்க, வாங்க. பெருசா மட்டும் வெச்சுக்குங்க அம்மிணி" என்றார் சுப்பிரமணி அண்ணன். "பச்சைய நாங்க பாத்துக்கறோம்."