குரல் நின்றால் ஓடி வருவேன்

என் மகளுக்கு இரண்டு வருஷம் நானே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பயத்தில் செய்த காரியம் அது. நான் படித்ததே எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான் என்பார் என் வீட்டுக்காரர். பொய்யில்லை.

ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துப் பக்கம் எங்கள் வீடு. வாழைத்தார் வியாபாரம். காலையில் வண்டி வந்து நின்றால் தார் இறக்குகிறவர்கள், இலைக்கு வருகிறவர்கள், பேரம் பேசுகிறவர்கள் என்று வாசல் சந்தைக்கடையாகிவிடும். உள்ளே என் கணவர், கொழுந்தன், ஓரகத்தி, அவளுடைய இரண்டு கைக்குழந்தைகள். கொல்லையில் பசுவும் கன்றும். வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும் ஒரு பூனை. எவனோ விட்டுப் போய் எங்களோடு ஒட்டிக்கொண்ட செவலை நாய் ஒன்று. கூடத்தை ஒட்டிய முற்றத்துக் கூண்டில் கொழுந்தன் வாங்கி மாட்டிய கிளி. வியாபாரிகள் உள்ளே வந்தால் அது கொழுந்தன் குரலிலேயே "வாங்க, உக்காருங்க" என்று சொல்லும். அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் ஸ்கூலில் வலிப்பு வந்து விழுந்தாள். டீச்சர் ஜட்காவில் வைத்து அழைத்து வந்தார். பாவாடை முழுக்க மண், உதட்டில் பல் பட்டு ரத்தம். அன்றைக்கு என் வயிற்றில் விழுந்த கல் பிறகு எத்தனையோ வருஷம் அங்கேயே கிடந்தது.

டவுனில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, பல பிள்ளைங்களுக்கு வளர வளர சரியாயிடும். நெருப்புகிட்டயும் தண்ணிகிட்டயும் மட்டும் தனியா விடாதீங்க" என்றார். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் இருப்பது எங்கள் ஊர். தண்ணீர்கிட்ட விடாதே என்றால் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பஸ்ஸில் பாலம் தாண்டி வரும்போது அவள் கண்ணை என் கையால் மூடிக்கொண்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். அப்போது தோன்றவில்லை.

ஸ்கூலில் பெரிய டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "அனுப்புங்கம்மா. நாங்க பார்த்துக்கறோம். இவ ஒருத்திக்குத்தானா வந்திருக்கு?" என்றார். நான் கேட்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் என் பிள்ளை விழுந்தால் யாருக்குத் தெரியும்? வீட்டில் என் கண்ணெதிரே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கண்ணெதிரே என்று சொன்னேனே தவிர, என் கண் எங்கே சும்மா இருந்தது? அடுப்படியில் நின்றால் கூடம் தெரியாது, நடுவில் சுவர். அதனால் காதை வைத்தேன். கூடத்துத் தூணடியில் அவளுக்குப் பாய், சிலேட்டு, புத்தகம். எதைப் படித்தாலும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். செய்யுளோ, பூகோளமோ, வீசையும் சேரும் போய்ப் புதிதாக வந்திருந்த கிலோ கணக்கோ, எதுவானாலும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "குரல் நின்னா ஓடி வருவேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ஓடவும் ஓடினேன். அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தினால்கூட கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஒரு தரம் எண்ணெய்ச் சட்டியைத் தட்டிவிட்டு ஓடியதில் புறங்கை வெந்து போயிற்று. அவள் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார் என் வீட்டுக்காரர். "பெத்தவளுக்குத்தான் தெரியும், நீங்க போய் தாரை எண்ணுங்க" என்பேன் நான். தார் இறக்குகிற கூச்சல், பசுவின் கத்தல், நாய்க்குரைப்பு, குழந்தைகளின் அழுகை, அத்தனைக்கும் நடுவில் என் மகளின் மெல்லிய மூக்குக் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்பேன். அதில் எனக்கு அசாத்திய நம்பிக்கை. இரண்டு வருஷத்தில் நாலு தரம் வலிப்பு வந்தது. நாலு தரமும் குரல் நின்ற அந்த நொடியில் நான் அவள் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டாம் வருஷத்து ஆடிப்பெருக்கு. காவேரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்று ஊரே சொன்னது. எங்களுக்கோ பயம். எங்களுக்கு என்றால் எனக்கு. மணப்பாறையிலிருந்து ஓரகத்தியின் பிறந்தவீட்டார் முறுக்குக் கூடையோடு வந்திருந்தார்கள். எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் புறப்படுகிற அமளி. மகள் புதுப்பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள்.

"படியில இறங்க மாட்டேம்மா. மேல நின்னு பார்த்துட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். தண்ணிகிட்ட போகக் கூடாதுன்னா கூடாது. போய் ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

அவள் கூடத்துக்குப் போனாள். நான் அடுப்படியில் புளிச்சாதம், தேங்காய்ச்சாதம் எல்லாம் கிளறித் தூக்குகளில் அடைத்துக்கொண்டிருந்தேன். குரல் வந்தது. "ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. மூவேழு இருபத்தொண்ணு." அப்பாடா என்று வடைக்கு எண்ணெய் வைத்தேன்.

மறுபடி ஓரேழு ஏழு. மறுபடி ஈரேழு பதினாலு. இருபத்தொண்ணுக்கு மேல் போகவில்லை. கோபித்துக்கொண்டு வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதையே எத்தனை தரம்டி சொல்லுவே? மேல போ! நாலேழு எவ்வளவு?"

"ஓரேழு ஏழு" என்றது குரல்.

அப்போது நாய் அடுப்படிக்குள் வந்தது. வாசற்படி தாண்டக் கூடாது என்று அதற்குத் தெரியும். ஒரு நாளும் தாண்டியதில்லை. மூஞ்சியெல்லாம் ஈரம். குரைக்கவில்லை, ஒரு மாதிரி முனகியது. நல்ல நாளும் அதுவுமாய் அடுப்படிக்குள் நாயா என்று விறகுக்கட்டையை எடுத்து வீசினேன். முதுகில் பட்டது. வெளியே ஓடிற்று. நான் திரும்புவதற்குள் மறுபடி வந்து என் புடவைத் தலைப்பைப் பல்லால் பற்றி இழுத்தது.

ஓரகத்தி தூக்கு எடுக்க உள்ளே வந்தாள். "பாப்பா எங்கக்கா? கைப்பிள்ளையப் பார்த்துக்கச் சொல்லலாம்னா காணோமே."

"உனக்கென்ன காது செவிடா? கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக்கிட்டிருக்காளே."

"கூடத்துல யாருமில்லக்கா. கிளிதானே சொல்லிக்கிட்டிருக்கு."

அடுப்பிலிருந்த எண்ணெயை அவள்தான் இறக்கி வைத்தாளாம். எனக்கு நினைவில்லை. கூடத்தில் பாய் இருந்தது, சிலேட்டு இருந்தது. கூண்டுக்குள் கிளி தலையைச் சாய்த்துக்கொண்டு என் மகளின் குரலில், அதே மூக்குக் குரலில், "மூவேழு இருபத்தொண்ணு" என்றது. நாய் கொல்லைப் பக்கம் ஓடியது. அதன் பின்னாலேயே நானும் ஓடினேன்.

மாட்டுக் கொட்டகையில் கழுநீர்த் தொட்டியின் விளிம்பில் தலை சாய்ந்து கிடந்தாள். பின்னல் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கின. மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரற்கடை இருந்திருக்கும். பாவாடை பின்பக்கம் கிழிந்து தொங்கியது. நாய் கடித்து இழுத்த கிழிசல். தொட்டிக்கு அந்தப் பக்கம் வைக்கோலில் பூனையும், கண் திறக்காத மூன்று குட்டிகளும்.

தூக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஓரகத்தி ஓடி வந்து வீட்டுச் சாவிக்கொத்தை மகள் கையில் திணித்தாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாவி ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருந்தாலும் அந்த விரல்களை இறுக்கி மூடிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு சீராகி அவள் கண் திறக்கும்வரை எனக்கு உயிர் இல்லை. தொட்டியில் இருந்தது காவேரித் தண்ணீர் இல்லை. அன்று காலையில் என் கையால் நான் கொண்டுவந்து ஊற்றிய அரிசி களைந்த தண்ணீர்.

அன்றைக்கு ஆற்றுக்கு யாரும் போகவில்லை. சாயங்காலம் அவள் கொஞ்சம் மோர் குடித்துவிட்டு என் மடியில் படுத்திருந்தாள். நான் கோபிக்காமல் கேட்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கிளிக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தாம்மா. நீ கொல்லையில சாணி தட்டப் போவியே, அப்பல்லாம்."

"எத்தனை நாளா?"

"சித்திரையிலேருந்து."

மூன்று மாதமாக நான் காது கொடுத்துக் காவல் காத்ததில் எத்தனை நாள் அவள் குரல், எத்தனை நாள் கிளியின் குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஏண்டி அப்படிப் பண்ணினே? பூனைக்குட்டி பாக்கவா?"

"அதுக்கும்தான்." என் தலைப்பு நுனியை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள்: "நான் சத்தத்தை நிறுத்தினா நீ பேயைப் பார்த்த மாதிரி ஓடி வருவியே, அப்ப நிறுத்தினா நான் செத்துப் போயிடுவேன்னுதானே அர்த்தம்? மூச்சு வாங்கக்கூடப் பயமா இருக்கும்மா. கிளி சொன்னா நான் கொஞ்ச நேரம் சும்மா இருக்கலாம்."

நான் இரண்டு வருஷம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான். வாய்ப்பாடு அல்ல, பூகோளம் அல்ல. என் வயிற்றிலிருந்த கல்லை எடுத்து ஒன்பது வயதுப் பிள்ளையின் வயிற்றில் வைத்திருக்கிறேன். படுபாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். சத்தமாகத் திட்டக்கூட தைரியம் இல்லை.

மறுநாள் பெரிய டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவர் குத்திக் காட்டவில்லை. "திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றார். வாத்தியார் பிள்ளை ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைப்பதாகச் சொன்னார். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க அவளுக்கும் சொல்லித் தருவதாகச் சொன்னார். அந்தத் திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே நின்றேன். மூன்று வகுப்புகளில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்திப் படித்தார்கள். எவ்வளவோ முயன்றும் என் மகளின் குரலை என்னால் பிரித்துக் கேட்க முடியவில்லை. கால் வீட்டுப் பக்கம் திரும்ப மறுத்தது. இழுத்துக்கொண்டு நடந்தேன்.

உலை வைத்ததும் கிளி ஆரம்பித்தது, "ஓரேழு ஏழு" என்று. நான் அசையவில்லை. திடீரென்று அது நிறுத்தியதும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடிவிட்டேன். வெறும் பாய் கிடந்தது. கூண்டுக்கடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாய் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. விறகுக்கட்டை பட்ட இடத்தைத் தடவிக் கொடுத்தேன்.

நாலரை மணிக்கு மகள் வந்தாள். விழவில்லை, ஒன்றும் ஆகவில்லை. பையை மாட்டிவிட்டுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தது அடுப்படிக்குக் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. எண்ண ஆரம்பித்தேன். இருபது, முப்பது. கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நூறுவரை எண்ணினேன். அவள் சும்மா இருந்தாள். நான் ஓடவில்லை.