சின்னம்மா கேட்டனுப்பிய கேள்விகள்

உலகத்தை உண்டாக்கியது யார் என்ற கவலை எனக்குப் பத்து வயதில் பிடித்தது. உண்மையைச் சொன்னால் அது என் கவலையே அல்ல. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கொடுத்துவிட்ட கவலை. செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டில்தான் அவளும் இருந்தாள். கலியாணம் பேசும் வயது. ஒருநாள் காலை எனக்குத் தலை பின்னிவிட்டபடியே, "உலகத்தை ஆரு படைச்சதெண்டு உங்கட புது வாத்தியாரிட்டக் கேட்டு வா புள்ள. நான் கேட்டதெண்டு சொல்லாத" என்றாள்.

கேட்டேன். சொல்லக்கூடாததையும் சேர்த்தே சொன்னேன். என் வாய் அப்படி. வாத்தியாரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வாவியைப் பார்த்தார்.

"கடவுள் படைச்சதெண்டு சொல்றாங்க. ஒண்டுமில்லாமத் தானா வந்ததெண்டு சொல்ற ஆக்களும் இருக்காங்க. எனக்குத் தெரியாது. உன்ட சின்னம்மா என்ன நினைக்கிறாவாம்?"

தெரியாது என்று சொன்ன வாத்தியாரை அன்றுதான் கண்டேன். எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் சின்னம்மாவோ அவர் சொன்னதை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தாள். மறுநாள், விதையில்லாமல் நெல் முளைக்குமா என்று கேட்டனுப்பினாள். அந்த முதல் விதையை யார் போட்டது என்று அவர் திருப்பிக் கேட்டனுப்பினார். இப்படியே ஒரு மாதம் ஓடியது. உலகத்தைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற பெண் எங்கள் ஊரில் வேறு இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு ஒருநாள், "வாத்தியார் என்ன குடியாம்?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலம் தாய்வழியாக வருவது. ஒரே குடியில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. கோயில் திருவிழாவே குடிக்கு ஒன்றாகத்தான் நடக்கும். வாத்தியார் இந்தத் தடவை யோசிக்காமலே பதில் சொன்னார்.

"வாவிக்கு அங்கால, படுவான்கரையில வெள்ளத்தில மிதந்து வந்த என்னை ஒரு தோணிக்காரர் எடுத்து வளர்த்தவர். தாயும் தெரியாது, குடியும் தெரியாது. நானும் உலகத்தைப் போலதான் எண்டு சொல்லு."

சொன்னேன். சின்னம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒருவரிடமும் சொல்லாதே என்றாள். ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார், புது வாத்தியாருக்குப் பெண் கேட்டு வெற்றிலைத் தட்டத்தோடு வீட்டுக்கு வந்தார். இந்த விஷயத்தில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சொல்வதுதான் முடிவு.

"பொடியன் நல்ல பொடியன். குடி என்ன?" என்றார் மாமா.

"அதை விசாரிச்சுச் சொல்லுறன்" என்று பெரிய வாத்தியார் இழுத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக இதே படிப்புத்தானே! "விசாரிக்கத் தேவையில்ல மாமா, அவருக்குக் குடியே இல்ல. வெள்ளத்தில வந்தவர். நம்மட குடியில முதல் பொம்புளைக்கும் தாய் ஆரெண்டு தெரியாதுதானே? அப்ப அவவும் அவரும் ஒண்டுதானே!"

பெரிய வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். மாமா என்னை ஏசவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "அவன் நம்மட குடிப் பொடியனா இருந்தா? அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் குடுத்த பழி ஆருக்கு?"

வெற்றிலையை ஒருவரும் தொடவில்லை. குசினிக்குள், அடுப்பருகே சின்னம்மா நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். இவ்வளவு நன்றாகப் பேசியும் அவள் ஏன் வெளியே வந்து பார்க்கவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்தப் பள்ளித் தவணை முடிய வாத்தியார் வாகரைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரிடம் நானாகவே அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கடவுள் படைச்சது. போய் இரு" என்றார். இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினேன்.

சின்னம்மா றால் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். "ஓம் புள்ள. போய்ச் சோத்தைத் தின்" என்றாள். வேறு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. திருப்பிச் சொல்லவும் வைக்கவில்லை. ஒருவழியாக அவளுக்கு விடை கிடைத்துவிட்டது என்று நினைத்து, அன்றைக்கு இரண்டு தரம் சோறு வாங்கித் தின்றேன்.