விமானப் பாயிண்டுகளை விட்டுவிடலாமா?

மூன்று விஷயங்கள்:
1. நான் இனி விமானம் ஏறப் போவதில்லை.
2. என் பாயிண்டுகளில் பறந்து வர யாரும் இல்லை.
3. ஆகவே அந்த விமானக் கம்பெனியின் உறுப்பினர் திட்டத்திலிருந்து விலகிவிடலாம்.

எண்பதுகளில் இங்கே வில்லிங்டன் தீவில் இருந்த பழைய விமான நிலையத்திலிருந்து ஆபீஸ் வேலையாகப் பறக்கத் தொடங்கியவன் நான். பிறகு பழக்கத்தில் சேர்ந்த திட்டம் இது.

இன்று காலை மட்டாஞ்சேரியில் டிராவல்ஸ் நடத்தும் சலீமிடம் போய்ச் சொன்னேன்.

"ஐயோ சாமி, விட்டுக் களையாதீங்க! சென்னையிலேர்ந்து ஒரு ஆளு இங்க வர டிக்கெட் கிட்டும். பேரு சொல்லுங்க."

எனக்குத் தோன்றியது சென்னையில் இருக்கும் தங்கை அம்புஜத்தின் பெயர் மட்டும்தான். அங்கிருந்தே போன் செய்தேன். "தொந்தரவுன்னா வேண்டாம்" என்று ஆரம்பித்துத்தான் வரச் சொன்னேன்.



"தனியா இருக்கறதுதான் உனக்குப் பிடிக்கும்னு நினைச்சுண்டிருந்தேன் அண்ணா. ஒரு தடவையாவது வான்னு சொல்லியிருக்கியா?"

முட்டிவலி குறைந்ததும் சொல்கிறேன் என்றாள். சலீம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விலகவில்லை. மேலே எழுதியதில் இரண்டாவது தவறு. இதைப் படிக்கும் நண்பர்களே, உங்களில் யாரையும்கூட நான் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை, இல்லையா?