உளுத்த சுவரும் புதுப் பலகையும்

இலங்கையில் போர் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன அந்த வைகாசியில், கனடாவில் மில்லிக்கன் என்ற இடத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பழைய காம்பர் ட்ரெய்லர் நின்றது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகிற வண்டி அது. உள்ளே இரண்டு படுக்கை, சின்ன அடுப்பு, மடித்து வைக்கும் மேசை. நான்கு கோடைகாலங்கள் பிள்ளைகளோடு ஏரிக்கரைகளுக்குப் போய் அதற்குள் படுத்திருக்கிறோம்.

அதை விற்போம் என்று சொன்னது நான்தான். என் தங்கை தன் இரண்டு பிள்ளைகளோடு வவுனியாவில் முள்ளுக்கம்பி அடித்த முகாமுக்குள்ளே ஒரு கூடாரத்தில் இருக்கிறாள் என்று செய்தி வந்திருந்தது. அவள் கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கே அவள் வரிசையில் நிற்கும்போது, நான் பொழுதுபோக்குக்காகக் காட்டுக்குள் போய்ப் படுப்பதா? வேலையிடத்தில் மேற்பார்வை பார்க்கும் பெண் வேறு என் தோளில் தட்டி, "சண்டை முடிந்துவிட்டதாமே, இனி உனக்கு நிம்மதிதானே" என்று சிரித்தாள். மருந்துப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்த நான் அடுத்த பெட்டியை எடுத்தேன். யாருக்கு நிம்மதி என்று திருப்பிக் கேட்க அந்த நேரம் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

விற்பதற்கு முன் ட்ரெய்லரைக் கழுவியபோதுதான் பழுது தெரிந்தது. பின்பக்கப் படுக்கைக்கு மேலே கூரை ஒழுகி, தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பலகை தண்ணீரில் ஊறின பாண் துண்டு மாதிரி அமிழ்ந்தது. என் கணவர் பிறம்ரன் நகரில் லொறி ஓட்டுபவர். அங்கே தெரிந்த ஒரு திருத்துநரைக் கூட்டிவந்து காட்டினார். சுவரைத் திறந்து மரச்சட்டமெல்லாம் மாற்றவேண்டும், அதற்கு முடியும் செலவு ட்ரெய்லரின் விலையைத் தாண்டும் என்றார் அவர்.

"அப்ப திருத்தாமல் உள்ளதைச் சொல்லி விப்பம்" என்றேன்.

கணவர் அதைக் காதில் வாங்காமல் யாருக்கோ போன் எடுத்தார். மறுநாள் அவருடைய கூட்டாளி ஒருவர் வந்தார். நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற, பழைய கார் வாங்கி விற்கிற மனிதர்.

"உதுக்கு ஏன் மண்டையை உடைக்கிறியள்? மேலால ஒரு மெல்லிய பலகையை அடிச்சு வெள்ளைப் பெயின்ற் பூசிவிடுங்கோ. வாங்கிறவன் பாத்து வாங்கட்டும்."

"மழைக்கு ஒழுகினால், அண்ணை?"

"அது பிறகுதானே தங்கச்சி. அப்ப அது அவன்ரை ட்ரெய்லர்."

அந்தச் சனிக்கிழமை நான் வேலையால் வரும்போது பலகை அடித்துப் பெயின்ற் பூசி முடிந்திருந்தது. இருவரும் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?" என்று கணவரைக் கேட்டேன். "உமக்கு இப்ப எல்லாத்துக்கும் கோபம்" என்றுவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு வருடம். அவன் கணினி வேலை, அவள் தோளில் எட்டு மாதக் குழந்தை. குழந்தையை எங்கே படுக்கவைக்கலாம் என்று அவள் பார்த்தாள். கூட நின்ற அண்ணை பின்பக்கப் படுக்கையைத் தட்டிக்காட்டினார். "இதிலை விடுங்கோ. ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வராது. நான் பொறுப்பு."

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போய் மெத்தையைத் தூக்கினேன். கருவிப்பெட்டியிலிருந்து ஒரு தட்டையான திருப்புளியை எடுத்துப் புதுப் பலகையின் விளிம்பில் கொடுத்து நெம்பினேன். படாரென்று கழன்று வந்தது. உள்ளே கறுப்பாக, பூஞ்சணம் பிடித்து, ஈர மணத்தோடு கிடந்தது சுவர்.

"இதுக்குப் பக்கத்திலை உங்கடை பிள்ளையைப் படுக்கவைக்காதேங்கோ" என்றேன்.

அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்க்கா" என்றாள். அவள் கணவன் எங்கள் ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் காருக்குப் போனான். அவனில் பிழையில்லை.

"வந்த ஆக்களைக் கலைச்சுப்போட்டீர்!" கணவர் கத்தினார். "அந்தக் காசை உம்மடை தங்கச்சிக்குத்தானே அனுப்ப நினைச்சனான்!"

"அவளின்ரை பேரைச் சொல்லி இன்னொருத்தியின்ரை பிள்ளையைப் பூஞ்சணத்துக்குள்ள படுக்கவைக்கிறியளோ? அப்பிடி ஒரு காசு அவளுக்கு வேண்டாம்!" நானும் தெருவுக்குக் கேட்கத்தான் கத்தினேன். அண்ணை மெல்லக் கழன்றுவிட்டார். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் கணவரே மிச்சப் பலகையையும் கழற்றி, சுவர் பழுது என்று பெரிதாக எழுதி ட்ரெய்லரின் ஜன்னலில் ஒட்டினார். பத்து நாள் கழித்து ஒருவர் வந்தார். புத்தளத்து முஸ்லிம் மனிதர், வீடு திருத்தும் தச்சர். வந்ததும் விலை கேட்கவில்லை. "தண்ணி எந்தப் பக்கத்தால இறங்கிச்சு?" என்று கேட்டுக் கூரையில் ஏறினார். "இது நானே செய்ற வேலதான்" என்று சொல்லி, நாங்கள் கேட்டதில் கொஞ்சம் குறைத்து வாங்கி, அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனார். கிடைத்ததைத் தங்கைக்கு அனுப்பினோம். மார்கழியில் அவள் முகாமைவிட்டு வெளியே வந்தாள். அவள் கணவரைப் பற்றி இன்றுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அஜின்கோர்ட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்ணையைக் கண்டோம். ஆட்களுக்கு முன்னால், "நல்ல விலைக்குப் போகவேண்டிய சாமானைத் தங்கச்சி தன்ரை கையாலேயே உடைச்சவ" என்று சிரித்தார். நான் வாய் திறக்க முன்பே என் கணவர், "அது உடைக்கவேண்டியதுதான், அண்ணை. வெக்கப்படவேண்டியது நானும் நீங்களும்தான்" என்றார். அண்ணை சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு வரிசையைப் பார்த்து நடந்தார்.