ஏஞ்சலின் எழுதின மூணு வரி

சந்திரமோகன் சாரப் பத்தி எங்கிட்ட யாரும் நல்லவிதமா பேசாதீங்க. கடம்பத்தூர்க்காரன், நம்ம பக்கத்து ஆளு, கம்பெனி எச்ஆர்ல இருந்தாலும் நம்மளாட்டம்தான் பேசறான்னு நம்பினோம் பாரு, எங்கள சொல்லணும்.

ஏஞ்சலின் எங்க பக்கத்து ஊடு. கும்மிடிப்பூண்டியில ஒரே லைன் ஊட்ல இந்தாண்ட நானும் என் ஊட்டுக்காரரும், அந்தாண்ட அவளும் அவ அம்மா ரோசம்மாளும். அவ அப்பா காலம்பூரா அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போயே போய்ச்சேந்தவரு. பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு தேர்வாய் கண்டிகையில காருக்கு ஒயர் கட்டுற கம்பெனிக்கு வந்தா. ஆறு வருசமா காண்ட்ராக்ட்டு. நானும் அங்க அவ வேலை செய்யற லைன்லதான், நாலு வருசமா. பர்மனென்ட் ஆவணும், அவளுக்கு அது ஒண்ணுதான் நெனப்பு. "கம்பெனி அட்டையில ஒருவாட்டி என் பேரு வந்துட்டா போதும் கல்பனா. நாளைலேர்ந்து வராதன்னு எந்த காண்ட்ராக்டரும் சொல்ல முடியாது"ன்னு பஸ்ல டெய்லி சொல்லுவா.

இந்த வருசம் அஞ்சு பேர பர்மனென்ட் பண்ணப் போறாங்க, ஆனா இங்கிலீஷ் படிக்கத் தெரியணும்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. சனிக்கெழம ஷிப்டு முடிஞ்சதும் கேன்டீன்லயே க்ளாசு. எடுத்தது சந்திரமோகன் சாரு. புக்கு கெடையாது, இங்கிலீஷ் பேப்பருதான். அப்ப வடக்க ஏதோ ஊர்ல டாக்டருங்கல்லாம் ஸ்ட்ரைக்கு, பேப்பரத் தொறந்தா அதான் நியூசு. ஒரே சேதிய தொடர்ந்து படிச்சா வார்த்தை மனசுல நிக்கும்னாரு. ஸ்ட்ரைக், டிமாண்ட், எமர்ஜென்சி, வித்ட்ரா, ரிஸ்யூம். எங்களுக்கு பாதி வார்த்தை பஸ்ஸு வரதுக்குள்ள மறந்து பூடும். ஏஞ்சலின் மட்டும் நாஷ்டா துண்ணும்போதுகூட, வித்ட்ரான்னா வாபஸ், ரிஸ்யூம்னா திரும்ப வேலைக்குப் போறதுன்னு முணுமுணுத்துகினே இருப்பா.

அந்த டாக்டருங்க கேட்டது இன்னான்னா, டூட்டியில படுக்க ஒரு ரூமு, பாத்ரூமு, பாதுகாப்பு. அதப் படிச்சிட்டு ஏஞ்சலினுக்கு சிரிப்பு தாங்கல. "அய்ய, டாக்டருக்கே பாத்ரூம் இல்லியாடி."

எனக்கு அப்ப அஞ்சு மாசம். எங்க லைன்ல நூத்தியிருவது பொம்பளைங்களுக்கு ரெண்டே டாய்லெட்டு. போறதுக்கு டோக்கன் வாங்கணும், க்யூவுல நிக்கணும், பத்து நிமிசத்துக்கு மேல ஆனா லைன் லீடரு கத்துவான். ஒருநாளு அடக்க முடியாம நின்ன எடத்துலயே போட்டிருந்தது நனைஞ்சிடுச்சு. ஏஞ்சலின்தான் அவ ஷால என் இடுப்புல சுத்திவுட்டு, யாரும் பாக்காம கூட்டிகினு போனா. எனக்கு அழுகையா வந்துது.

க்ளாஸ்ல வார்த்தைய வெச்சு வாக்கியம் எழுதணும். நாங்க பேப்பர்ல இருக்கறதயே காப்பி அடிச்சிடுவோம். 'டாக்டர்ஸ் ஆர் ஆன் ஸ்ட்ரைக்', வேலை முடிஞ்சிது. சாருக்கு அது புடிக்கல. "உங்க வாழ்க்கையிலேர்ந்து எழுதுங்கம்மா. கம்பெனியப் பத்திகூட எழுதலாம். இது க்ளாசுதான, யாரு பாக்கப் போறாங்க"ன்னாரு. இந்தக் காதால கேட்டேன்.

ஏஞ்சலின் எழுதினா. மூணே வரி. 'மை ஃப்ரெண்ட் இஸ் ப்ரெக்னன்ட். வீ டிமாண்ட் ஒன் மோர் டாய்லெட். இஃப் த கம்பெனி சேஸ் நோ, வீ வில் ஸ்ட்ரைக்.' சாரு அத சத்தமா படிச்சுக் காமிச்சு, செவப்பு இங்க்ல வெரிகுட் போட்டு, எல்லாரையும் கைதட்டச் சொன்னாரு. அவ வெக்கப்பட்டு என் தோள்ல மூஞ்ச வெச்சிகினா. நானும் தட்டினேன்.

அடுத்த சனிக்கெழம, மார்க்கு போடணும்னு நோட்டெல்லாம் வாங்கிகினு போனாரு.

செவ்வாக்கெழம எங்க ரெண்டு பேரையும் மேனேஜர் ரூமுக்கு கூப்ட்டாங்க. பர்மனென்ட் சேதிதான்னு ஏஞ்சலின் மூஞ்ச கழுவிகினு, தலைய சீவிகினு வந்தா. உள்ள போனா டேபிள் மேல அவ நோட்டு, பக்கத்து சேர்ல சந்திரமோகன் சாரு. மூணாவது வரிக்கு கீழ கோடு போட்டிருந்துது. மேனேஜரு படிக்கச் சொன்னாரு. ஒரு தப்பில்லாம படிச்சா. யாரு தூண்டிவுட்டு ஸ்ட்ரைக்குன்னு எழுதினன்னு கேட்டாரு.

"க்ளாசுக்காக எழுதினது சார். சாருதான் எழுதச் சொன்னாரு"ன்னு சந்திரமோகன் பக்கம் திரும்பினா.

அந்தாளு செல்போன நோண்டிகினே சொல்றான், "நான் சொல்லிக் குடுத்தது வார்த்தைதான் சார். இந்த மாதிரி எண்ணம் யாருக்கு இருக்குதுன்னு தெரிஞ்சிக்கத்தான நோட்ட வாங்கினதே."

பாவி. அவ நோட்ட மூடி டேபிள் மேலயே வெச்சா.

அப்பதான் மேனேஜரு என்ன பாத்தாரு. "ஃப்ரெண்டுன்னு எழுதியிருக்கறது உன்னத்தான? டாய்லெட்டுக்கு எதனா கஷ்டம் இருக்குதாம்மா உனக்கு?"

நோட்டுக்குப் பக்கத்துல பர்மனென்ட் ஆவப் போறவங்க லிஸ்ட்டு கெடந்துது. அஞ்சு பேரு. தலகீழா இருந்தாலும் மூணாவது என் பேருதான்னு தெரிஞ்சிது.

"இல்ல சார்"னேன். "அதுமாதிரி எதுவும் இல்ல சார்."

ஏஞ்சலின் என்ன திரும்பிப் பாக்கல. மத்தியானமே அவகிட்டேர்ந்து கேட் பாஸ வாங்கிகினு, இனிமே வேலைக்கு வராதன்னு அனுப்பிட்டாங்க. சாயந்தரம் பஸ்ல அவ சீட்டு காலி.

ஞாயித்துக்கெழம சர்ச்சு முடிச்சிட்டு ரோசம்மா அத்த எங்க ஊட்டுக்கு வந்துது. கையில மீன் கொழம்பு. மாசமா இருக்கற பொண்ணு வாய்க்கு ருசியா துண்ணட்டும்னு எடுத்தாந்துதாம்.

"அந்த எச்ஆர்காரன் நல்லாவே இருக்கமாட்டான்"ன்னு கண்ணத் தொடச்சிகினுது. "எம்பொண்ணுக்காக ஒருத்தர்கூட பேசலியேன்னு அழுதேம்மா. கல்பனா எனக்காகப் பேசத்தான் பாத்தா, அவளையும் வேலையவுட்டு தூக்கிடுவாங்கன்னு நான்தான் தடுத்துட்டேன்னு ஏஞ்சலின் சொல்லிச்சு. நீ நல்லாருக்கணும்மா."

கொழம்ப வாங்கிகினேன்.