அண்ணி விழுங்கிய மாத்திரைகள்

வாசல் சாக்கடையில் மாத்திரை கிடக்கிறதா என்று அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்த காலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் கடைசி. நெல்லித்தோப்பில் வாடகை வீடு, அண்ணனுக்குப் பஞ்சாலை வேலை. மூட்டுவாதத்துக்காகச் சில வருடங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்த அண்ணிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி எதுவும் அகப்படாவிட்டாலும், காசநோயாகத்தான் இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கினார்கள்.

மாதங்கள் போயும் காய்ச்சல் விடவில்லை. அண்ணி இளைத்துக்கொண்டே வந்தாள். டாக்டர் ஒருநாள், "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறியா, தூக்கிப் போட்டுடறியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவள் வருவதற்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டது. அம்மா தலையணை உறையைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் எதிரே நின்றுகொண்டு, அவள் தண்ணீர் குடித்ததும் "வாயத் தொற" என்பான். "முழுங்கிட்டேங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?" என்றபடி அவள் திறந்து காட்டுவாள். அவன் முகம் அப்போதும் தெளியாது.

இருமலில் ரத்தம் வந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்குப் புதிதாக வந்திருந்த லேடி டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணனிடம், "அவங்க சொல்றது நெசம்னே வச்சிக்குங்க. அப்ப நாங்கதான் வேற எதையோ டிபின்னு நெனச்சிட்டிருக்கோம்" என்றார். சளியை மறுபடி எடுத்து, அதிலிருக்கும் கிருமியை லேபில் கூடுதல் நாள் வளரவிடச் சொன்னார். மெல்லிய நூல்போலக் கிளைவிட்ட ஒரு கிருமி வளர்ந்தது. நொகார்டியா என்று பெயர். மண்ணில் இருப்பது, நல்ல உடம்பைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம். ஸ்டீராய்டு அண்ணியின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருந்ததால் நுரையீரலில் குடியேறிவிட்டது. இதற்கு மருந்தே வேறு என்று சல்பா மாத்திரை கொடுத்தார்கள். சில வாரங்களில் காய்ச்சல் தணிந்தது.

வீட்டுக்கு அழைத்துப்போக வந்த அண்ணன், "தப்பா நெனச்சிட்டேன்" என்றான்.

"டாக்டரம்மா சொன்னாங்க, இப்ப நம்பறீங்க. நான் சொன்னப்ப நம்பலியே" என்றாள் அண்ணி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அதன்பிறகு பல வருடம் எங்களோடுதான் இருந்தாள். சமைத்தாள், சிரித்தாள், என் கல்யாணத்தை முன்னின்று நடத்தினாள். ஆனால் உடம்பு முடியவில்லை என்று எங்களில் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். வெயில் ஏறுமுன் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, மதியச் சமையலுக்குத் திரும்பிவிடுவாள். எங்கே போய்வந்தாய் என்று கேட்க அண்ணனுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை.